இயற்கை உணவு: பொட்டலத்தின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

இயற்கை உணவு பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பலவும், பொருள் மாறினாலும், ஒரே ஐயத்தைத்தான் எழுப்புகின்றன. ‘இயற்கை’ என்று சொல்லி விற்கப்படும் பொருளுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? அவற்றுள் சில கடிதங்களுக்கு இங்கே விடை தருகிறோம்.

எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்திருக்கும் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றிலும் ‘இயற்கை’ என்றோ ‘ஆர்கானிக்’ என்றோ எழுதியிருக்கிறது. விலை மளிகைக் கடையைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இரண்டும் ஒன்றுதானா? எதை நம்பி வாங்குவது?
– வாசகி, பாளையங்கோட்டை

இரண்டும் ஒன்றல்ல. ஆர்கானிக் என்பது பயிர் எப்படி விளைவிக்கப்பட்டது என்பதைப் பற்றிய உறுதிமொழி. ரசாயன உரம், செயற்கைப் பூச்சிக்கொல்லி, மரபணு மாற்றிய விதை ஆகியவை இல்லாமல் விளைந்தது என்பதை ஒரு முறையான அமைப்பு வயலைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நம் நாட்டில் அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, 2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் என்பிஓபி என்னும் தேசியத் திட்டம். இதில் வெளியிலிருந்து ஆய்வாளர் வந்து வயலையும் பதிவேடுகளையும் சோதிப்பார். தமிழ்நாட்டில் இந்தப் பணியை விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றுத் துறையும் செய்கிறது. மற்றொன்று பிஜிஎஸ் என்னும் முறை. இதில் விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் ஆய்வு செய்து பொறுப்பேற்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் ஆர்கானிக் உணவு விதிமுறைகள் இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்கின்றன. பொட்டலத்தில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையும் அதனுடன் இவற்றுள் ஒன்றின் சான்றும் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. ரசாயன விவசாயத்திலிருந்து மாறும் நிலத்துக்கு, என்பிஓபி விதிப்படி, நெல், பயறு போன்ற பருவப் பயிர்களானால் விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டுகளும், மா, தென்னை போன்ற நீண்ட காலப் பயிர்களானால் முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் மாற்றக் காலம் உண்டு. ஆகவே, சென்ற ஆண்டுவரை யூரியா போட்ட வயலின் நெல்லை இந்த ஆண்டு ஆர்கானிக் என்று எவரும் விற்க முடியாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிறு விவசாயி, தான் விளைவித்ததைத் தானே நேரடியாக உங்களிடம் விற்றால், அவருக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. மானூரிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ உழவர் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் ஒருவரிடம் முத்திரை இல்லை என்பதற்காக அவரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. என்ன உரம் போட்டார், பூச்சிக்கு என்ன தெளித்தார் என்று கேளுங்கள், முடிந்தால் ஒருமுறை வயலுக்கே போய்ப் பாருங்கள். அதே காய்கறியை ஒரு கடைக்காரர் வாங்கி, ஆர்கானிக் என்று சொல்லி மறுவிற்பனை செய்யும்போது அந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது. ஆகவே, நீங்கள் குறிப்பிடும் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, ‘சான்று எங்கே?’ என்பதுதான்.

‘இயற்கை’ என்பதற்கு வேறு விதி. 2018ஆம் ஆண்டின் விளம்பரங்கள் மற்றும் உரிமைகோரல்கள் விதிமுறைகளின்படி, எதுவும் சேர்க்கப்படாத, உண்பதற்கு ஏற்றதாக்கும் அளவுக்கு மட்டுமே பக்குவப்படுத்தப்பட்ட தனிப்பொருளைத்தான் இயற்கையானது என்று குறிப்பிடலாம். பல பொருள் கலந்து செய்த ஊறுகாயையோ சத்துமாவையோ அப்படிக் குறிப்பிடக் கூடாது. சேர்ந்த பொருள்கள் அனைத்தும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டிருந்தால், ‘இயற்கைப் பொருள்களால் செய்யப்பட்டது’ என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். கடைத் தட்டுகளில் இந்த விதி எவ்வளவு மீறப்படுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.

ஆர்கானிக் சான்று பெற்ற பொருளில் பூச்சிக்கொல்லி எச்சம் அறவே இருக்காது என்றும் எண்ண வேண்டாம். பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து காற்றில் வரும். கால்வாய் நீரிலும் வரும். அதனால்தான் வழக்கமான உணவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் இருபதில் ஒரு பங்கு வரையிலான எச்சத்தைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. மேலும், தாமிரம், கந்தகம், வேம்பு ஆகியவற்றைக் கொண்ட சில மருந்துகளை இம்முறை விவசாயத்திலும் நிபந்தனைகளுடன் பயன்படுத்தலாம்.

கொடுக்கும் விலைக்குத் தகுந்த பயன் உண்டா என்பதற்கு ஆய்வாளர்களிடையே ஒரே விடை இல்லை. 2012இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்துகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு குறைவு என்றும் கூறினர். 2014இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் வெளிவந்த தொகுப்பு, ஆர்கானிக் பயிர்களில் ஆன்டிஆக்சிடன்ட் பொருள்கள் கூடுதலாகவும் காட்மியம் என்னும் நச்சு உலோகம் குறைவாகவும் இருப்பதாகக் கூறியது. எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. நம் கருத்தைக் கேட்டால், வசதி இருப்பவர்கள் கீரை, மிளகாய், கத்தரிக்காய், திராட்சை போன்று அடிக்கடி மருந்து தெளிக்கப்படுபவற்றுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம். விலை அதிகம் என்பதால் வீட்டில் காய்கறியின் அளவே குறையுமானால் அது நட்டமே. சாதாரணக் காய்கறியை ஓடும் நீரில் நன்றாகக் கழுவிக் கூடுதலாகச் சாப்பிடுவது நல்லது. இந்த விவசாயத்தால் முதலில் பயன்பெறுவது மண்ணும், முதுகில் தெளிப்பானைச் சுமக்கும் தொழிலாளியும்தான். 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அங்கிருந்த ஆராய்ச்சியின் போக்கில் நிறைவின்றி வெளியேறிய இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் கவலையும் மண்ணையும் உழவரையும் பற்றியதாகவே இருந்தது. அந்தக் காரணத்துக்காக வாங்குகிறவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

என் தந்தைக்கு வயது 70. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கருப்பட்டி இயற்கையானது, அதனால் சர்க்கரை ஏறாது என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, நாள்தோறும் மூன்று வேளையும் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார். இது சரியா? அசல் கருப்பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், திசையன்விளை

சரியல்ல. உங்கள் தந்தையிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். பதநீரின் இனிப்புக்குக் காரணம் சுக்ரோஸ். கரும்பிலிருந்து எடுக்கும் சீனியும் அதே சுக்ரோஸ்தான். எட்டு லிட்டர் அளவுக்குப் பதநீரை அடுப்பில் வைத்து நீரை வற்றச் செய்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கிறது. அந்த ஒரு கிலோவின் பெரும்பகுதி அந்தச் சர்க்கரையே. எஞ்சிய சிறு பகுதியில் பொட்டாசியம், இரும்பு போன்ற தாது உப்புகள் இருக்கின்றன, பனைக்கே உரிய மணமும் இருக்கிறது. சீனியில் இவை இல்லை என்பது உண்மைதான். எனினும் ஒரு குவளைக் காப்பியில் கரையும் கருப்பட்டியிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் இரும்பு மிகச் சிறிது. அதைப் பெறுவதற்காக இரத்தச் சர்க்கரையை ஏற்றிக்கொள்வது நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்குத் தேவையான ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் இத்தகைய சர்க்கரையிலிருந்து வரக் கூடாது என்றும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் மேலும் நல்லது என்றும் சொல்கிறது. 2000 கிலோ கலோரி உண்பவருக்கு 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். தேனையும் பாகுகளையும்கூட அந்த நிறுவனம் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது. இது நலமாக இருப்பவர்களுக்கான அளவு. உங்கள் தந்தைக்கு எவ்வளவு ஆகும், அல்லது ஆகவே ஆகாதா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அசலைக் கண்டறிவது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கருப்பட்டி காய்ச்சுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் விலை ஏன் அதிகம் என்பது விளங்கும். பனையேறி நாள்தோறும் மரம் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். இறக்கிய பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். வடிகட்டிய பதநீரைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றி மணிக்கணக்கில் காய்ச்சும்போது, அது பொங்கி வழியாமல் இருக்க இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது போடுவதும் உண்டு. பாகு இறுகும் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. இவ்வளவு உழைப்பும் விறகுச் செலவும் இருக்க, சீனியைக் கரைத்துப் பதநீருடன் சேர்த்துக் காய்ச்சினால் அதே வேலையில் பல மடங்கு சரக்கு கிடைத்துவிடுகிறது. நம் பகுதியில் நடக்கும் கலப்படத்தில் முதன்மையானது இதுதான்.

நீரில் போட்டுப் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது, நிறத்தைப் பார்ப்பது என்று பல சோதனைகளைச் சொல்வார்கள். கருப்பட்டியோடு பழகிய நாக்குக்கும் மூக்குக்கும் ஓரளவு தெரியும். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே சர்க்கரையாக இருக்கும்போது, வீட்டுச் சோதனை எதுவும் உறுதியான விடை தராது. ஆய்வகத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. கரும்பும் பனையும் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வெவ்வேறு முறையில் சர்க்கரையாக்குகின்றன. அதனால் அவற்றின் சர்க்கரையிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளின் விகிதம் மாறுபடும். அதை அளந்தால் கரும்புச் சீனி கலந்திருப்பதைக் காட்டிவிடலாம். தேனில் கரும்புப் பாகோ மக்காச்சோளப் பாகோ கலந்திருப்பதைக் கண்டறிவதும் இதே வகைச் சோதனையால்தான். அரிசியிலிருந்து எடுக்கும் பாகு இந்தச் சோதனைக்குப் பிடிபடாது என்பதால்தான் தேன் கலப்படக்காரர்கள் அதன் பக்கம் போனார்கள். தீக்குச்சியைத் தேனில் நனைத்துக் கொளுத்திப் பார்க்கும் சோதனையால் இவற்றுள் எதையும் அறிய முடியாது.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நமக்குப் பெருமை. அந்தக் குறியீடு, பொருள் எந்த ஊருக்கும் எந்தச் செய்முறைக்கும் உரியது என்பதைக் காக்கிறது. ஒவ்வொரு சிப்பமும் சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. பங்குனிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட பருவத்தில், காய்ச்சும் இடத்திலேயே தெரிந்தவரிடம் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்வதே நம் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு.

என் பிள்ளைகளுக்காகச் ‘சிறுதானிய, பனைவெல்லப் பிஸ்கட்’ வாங்கினேன். முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிரும் பனைமரமும் படமாக இருந்தன. பின்பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதி அனுப்புகிறேன்: ‘கோதுமை மாவு (மைதா) 49%, சர்க்கரை, பாமாயில், கேழ்வரகு மாவு 8%, பனைவெல்லம் 1%, புளிக்கச் செய்யும் பொருள்கள் (ஐஎன்எஸ் 503(ii), ஐஎன்எஸ் 500(ii)), உப்பு, எமல்சிஃபையர் (ஐஎன்எஸ் 322)’. இந்த எண்களைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, தென்காசி

நீங்கள் பயப்படும் எண்களைவிட அவற்றுக்கு முன்னால் இருப்பவைதான் கவனிக்கத்தக்கவை. சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலும் வர வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசைப்படி இது மைதா பிஸ்கட். அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். கேழ்வரகு 8 சதவீதம் என்றால் 100 கிராமில் 8 கிராம். பனைவெல்லம் ஒரே ஒரு கிராம். முன்பக்கத்தில் பெயராலோ படத்தாலோ ஒரு பொருளை எடுத்துக்காட்டினால் அதன் சதவீதத்தை அச்சிட்டே ஆக வேண்டும் என்று விதி இருப்பதால்தான் இந்த உண்மை உங்கள் கண்ணில் பட்டது. அந்த விதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எண்களைப் பொறுத்தவரை, 500(ii) என்பது ஆப்பசோடா, 503(ii) அம்மோனியம் பைகார்பனேட், 322 லெசித்தின். இது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படுகிறது. இவை மூன்றும் பல காலமாகப் பயன்பாட்டில் உள்ளவை. ஐஎன்எஸ் எண் என்பது உலக அளவில் சேர்க்கைப் பொருள்களுக்குக் கொடுக்கப்பட்ட அடையாளமே தவிர அபாய அறிவிப்பு அல்ல. நெல்லிக்காயில் நிறைந்திருக்கும் வைட்டமின் சிக்கு எண் 300. மஞ்சளின் நிறப்பொருளுக்கு எண் 100. எலுமிச்சையின் புளிப்புக்கு 330. மறுபுறம், 223 என்னும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். ஆகவே எண்ணைக் கண்டதும் அஞ்சாமல், அது எந்தப் பொருளுக்குரியது என்று பாருங்கள். வெளிர் மஞ்சளாகப் பளபளக்கும் மண்டை வெல்லத்திலும் கந்தகம் சார்ந்த வெளுப்புப் பொருள் இருக்க வாய்ப்புண்டு; அதன் மீது எந்த எண்ணும் எழுதியிருக்காது.

பிஸ்கட்டை எப்போதாவது கொடுக்கலாம், மற்ற பிஸ்கட்டைக் கொடுப்பது போலவே. கேழ்வரகு பிள்ளைகள் உடம்பில் சேர வேண்டுமென்றால் கூழோ புட்டோ அடையோ செய்து கொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெல்லமோ தேனோ சேர்த்துவிட்டு ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பொட்டலத்தில் அச்சிடுவது விதிமீறல்; எந்த வடிவில் சர்க்கரை சேர்த்தாலும் அப்படிச் சொல்ல முடியாது.

மரச்செக்கு எண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் தீங்கில்லை என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே செக்கு இருக்கிறது. கடலையெண்ணெய் வாங்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

வாங்கலாம், ஆனால் செக்கை மட்டும் பார்க்காமல் கடலையையும் பாருங்கள். ஈரம் போகக் காயாத நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்லடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாவது உறுதிப்பட்ட ஒன்று. சமையல் சூட்டில் இது முழுவதும் அழியாது. ஆலையில் சுத்திகரிக்கும்போது காரக் கரைசலால் கழுவி வெளுப்பதில் இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டி, தெளியவைத்து எடுக்கும் எண்ணெயில் அந்தப் படி இல்லை. எனவே சொத்தை, சுருங்கியது, பச்சை படிந்தது ஆகியவற்றைப் பொறுக்கி நீக்கிய நல்ல பருப்பை ஆட்டுகிறாரா என்பதுதான் செக்கு எண்ணெயின் தரத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் தெருவிலேயே செக்கு இருப்பது நல்லதாயிற்று. போய், மூட்டையில் கைவிட்டு ஒரு பிடிக் கடலையை எடுத்துப் பாருங்கள். இயலுமானால் நீங்களே கடலை வாங்கிக் காயவைத்துப் பொறுக்கிக் கொடுத்து ஆட்டிக்கொள்ளுங்கள்.

செக்கு எண்ணெயில் மணமும் இயல்பாக உள்ள சில நுண்பொருள்களும் தங்குகின்றன. நல்லெண்ணெய்க்கு எள்ளுடன் கருப்பட்டி போட்டு ஆட்டும் நம் ஊர் வழக்கமும் அருமையான சுவையைத் தருகிறது. ஆனால் எந்த முறையில் எடுத்தாலும் எண்ணெய் முழுக்கக் கொழுப்புதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கிலோ கலோரி இருக்கிறது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. செக்கில் ஆட்டுவதால் அந்த விகிதம் மாறாது. எவ்வளவு சாப்பிட்டாலும் தீங்கில்லை என்பது தவறு.

எங்கள் வட்டாரத்தில் ஏத்தன் வாழை அதிகம். பழுக்கவைக்க வாயு அடிப்பது எல்லாமே விஷம் என்று பேசிக்கொள்கிறார்கள். விளைவிக்கும் எங்களுக்கே குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், களக்காடு

கார்பைடு கல்லையும் எத்திலீன் வாயுவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்தக் கல் ஈரத்துடன் சேர்ந்து அசிட்டிலின் வாயுவை விடுகிறது. தொழிற்சாலைக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பும் இருக்கக்கூடும் என்பதே கவலைக்குக் காரணம். எத்திலீன் அப்படிப்பட்டதல்ல, வாழைக்காய் பழுக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்ளும் வாயு அது. மூடிய அறையில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவு வரை எத்திலீன் செலுத்திப் பழுக்கவைக்க அனுமதி உண்டு. முன்பு மூட்டம் போட்டுப் புகையில் பழுக்கவைத்தபோதும் அந்தப் புகையிலிருந்த எத்திலீனும் அதைப் போன்ற வாயுக்களும்தான் வேலை செய்தன. முற்றிய தாரை வெட்டி, முறையான அறையில் எத்திலீன் வைத்துப் பழுக்கவைத்தால் நீங்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. முற்றாத காயை வெட்டி விற்பதுதான் சுவையையும் சத்தையும் கெடுக்கிறது.

கல்லுப்பு, இந்துப்பு இரண்டில் எது இயற்கையானது?
– வாசகி, சங்கரன்கோவில்

ஒன்று தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீரிலிருந்தும் உவர் நீரிலிருந்தும் விளைவது, மற்றொன்று பாறையிலிருந்து வெட்டுவது. இரண்டிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றே. நீங்கள் பார்க்க வேண்டியது அயோடின். வீட்டு உபயோகத்துக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்ற விதி 2006 முதல் இருக்கிறது; நம் கைக்கு வரும்போது உப்பில் குறைந்தது 15 பிபிஎம் அயோடின் இருக்க வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அயோடின் இல்லாத இந்துப்பை மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

சந்தேகப்படும் பொருளை நாமே சோதனைக்குக் கொடுக்க முடியுமா?
– வாசகர், வள்ளியூர்

முடியும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 40ஆவது பிரிவு, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. சோதனைக்குக் கொடுக்கப் போவதாக, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பொருள் சட்டத்துக்கு ஒத்ததாக இல்லை என்று அறிக்கை வந்தால், செலுத்திய கட்டணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது.

கொடுக்கும்போது ‘இது இயற்கையானதா’ என்று கேட்காதீர்கள். அதற்கு எந்தக் கருவியிலும் அளவுகோல் இல்லை. வெல்லமானால் கந்தக டை ஆக்சைடு எவ்வளவு, கடலையெண்ணெயானால் அஃப்லடாக்சின் எவ்வளவு, கீரையானால் எந்தெந்தப் பூச்சிக்கொல்லியின் எச்சம் எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள். அங்கே செய்ய இயலாத சோதனையானால், அதற்கான வசதியுள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் எது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்காமல், விற்பனைச் சீட்டுடனும் பொட்டலத்திலுள்ள உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணுடனும் கொண்டுபோங்கள்.